அவள் திறக்க முடியாத பூட்டு

என் வீட்டுக்காரியை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரி வாசலில், தம்பி. தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோகிறார்கள். மூக்கில் குழாய். கதவைத் தாண்டப் போகிற நேரத்தில் கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டாள். கல்யாணமாகி நாற்பது வருஷம் நிறைய நாலு மாசம் பாக்கி. ஏதோ முக்கியமாகச் சொல்லப் போகிறாள் என்று குனிந்து காதைக் கொடுத்தேன். என்ன கேட்டாள் தெரியுமா?

"வீட்டைப் பூட்டினீங்களா?"

எனக்கு வந்ததே கோபம். "பூட்டுப் பட்டறை வச்சிருக்கிறவன்கிட்ட கேக்குற கேள்வியாடி இது?" என்றேன். அவள் உதடு கொஞ்சம் கோணியது. சிரித்திருப்பாள். கதவு மூடிக்கொண்டது. அவளிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். சாவு வீட்டுக் கதை சொல்ல வரவில்லை. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் சொல்ல வந்தது என் மனக்குறையை. எங்கள் திண்டுக்கல்லில் என் பூட்டை நம்பாத ஆள் ஒருவர் உண்டு என்றால், அது என் பொண்டாட்டி. ஊரெல்லாம் என் பூட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறது. இவள் மட்டும் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டு, "பூட்டினீங்களா?" என்பாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, "இழுத்துப் பார்த்தீங்களா?" என்பாள். ஒருநாள், ரெண்டு நாள் இல்லை. முப்பத்தேழு வருஷம்.

அந்த டிபன் கேரியரை இப்படி நடுவில் வையுங்கள், பிரேக் போட்டால் சாயாது. தேங்காய்ச் சாதமா? வாசனையிலேயே தெரிகிறது. இல்லை, வேண்டாம். சரி, ஒரு வாய் கொடுங்கள், வளைகாப்புச் சாதம் வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

நீங்கள் போனில் பேசியதைக் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை, நீங்கள் பேசினது முன்னால் நிற்கிற கண்டக்டருக்கே கேட்டது. வீட்டம்மாவை நத்தத்தில் தாய் வீட்டில் விட்டுவிட்டு வருகிறீர்கள். அந்தப் பொண்ணு செல்போனை அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடியிருக்கிறது. நீங்கள் அடித்ததும் அரிசி பாட்டுப் பாடியிருக்கிறது. சிரித்தீர்கள். நானும் இங்கே உட்கார்ந்து சிரித்தேன். சிரிக்க வேண்டியதுதான். திருச்சி போக இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

நம் ஊர் ஏற்பாடு எப்படி? ஏழாம் மாசம் வளையல் அடுக்கிக் கூட்டிப் போய்விடுவார்கள். பிள்ளை பிறந்து அஞ்சாம் மாசம், மை வைத்து, பவுடர் போட்டு, கொண்டுவந்து விடுவார்கள். நடுவில் என்ன நடந்தது என்று புருஷனுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போவான். மாமியார் போட்ட காப்பியைக் குடிப்பான். "பிள்ளை என்னை மாதிரி இருக்கு" என்பான். கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவான். என் வயசு ஆட்கள் நாலு பிள்ளை, அஞ்சு பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் அந்த முதல் அஞ்சு மாசம் தெரியாது.

எனக்குத் தெரியும். ஏனென்றால் ரத்தினத்துக்குத் தாய் வீடு இல்லை. நாகரத்தினம் என்று முழுப்பேர். அம்மா அவளுடைய பத்து வயசிலேயே போய்ச் சேர்ந்தாள். வளைகாப்பு என் வீட்டில், பிரசவம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், பிறகு திரும்ப என் வீடு. அவளுடைய அண்ணி தேனியிலிருந்து வந்து இருபத்தொரு நாள் இருந்தாள். இருபத்திரண்டாம் நாள் காலையில், "என் மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?" என்று பையைத் தூக்கிவிட்டாள். வீட்டில் நான், ரத்தினம், கைக்குழந்தை. அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். ரத்தினத்துக்கு ஞாபக சக்தி என்றால் அப்படி இப்படி இல்லை. பட்டறையில் நாலு டஜன் பூட்டையும் நாலு டஜன் சாவியையும் ஒரே சாக்கில் கொட்டிக் கலந்துவிடுங்கள். அவள் சாவியைக் கண்ணால் பார்த்தே, "இது இதுக்கு, அது அதுக்கு" என்று எடுத்து அடுக்கிவிடுவாள். சாவியின் பல்லைப் பார்த்தால் பூட்டின் வயிறு அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு அது வரவில்லை.

அப்பேர்ப்பட்டவள், ஆறாம் மாசத்தில் ரெண்டு டஜன் பூட்டுக்குச் சாவியை மாற்றிக் கட்டி அனுப்பிவிட்டாள். பொள்ளாச்சிக் கடைக்காரர் சாக்கைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்துவிட்டார். "வேலாயுதம், திருடனுக்குத்தான் பயப்படணும்னு சொன்னே. இப்ப வீட்டுக்காரனே உள்ளே போக முடியல" என்றார். நான் ரத்தினத்தைப் பார்த்தேன். அவள் சாவிக்கொத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல யாரோ பூண்டு உரிச்ச கையால தொட்டிருக்காங்க" என்றாள். ஞாபகம் போன இடத்தில் மூக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. தெருக்கோடியில் மீன்காரி திரும்பும்போதே இங்கே இவள் வாந்தி எடுப்பாள்.

ரேஷன் கடைக் கதையைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் பொம்பளைகள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். கடையில் புதுச் சீட்டு எழுதும்போது பேர் கேட்டால், ரத்தினம் சுவரில் இருக்கிற பழனி முருகன் காலண்டரைக் காட்டி, அவர் கையில் இருக்கிறதைச் சுட்டுவாள். கடைக்காரர், "வேலாயுதமா?" என்று எழுதிக்கொள்வார். பிள்ளை உண்டாயிருந்த அந்தச் சமயத்திலும் ஒருநாள் பேர் கேட்டிருக்கிறார். இவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். வெட்கப்படுகிறாள் என்று வரிசையில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கடைசியில் விரலை நீட்டி மயிலைக் காட்டிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு, பட்டறை வாசலில் நின்று, "ஏங்க, தப்பா நினைக்காதீங்க. உங்க பேரு என்னங்க?" என்றாள்.

"என்னடி கேக்குறே?"

"நிசமாவே வரலைங்க. தொண்டை வரைக்கும் வருது. முருகன் சம்பந்தப்பட்டதுன்னு மட்டும் தெரியுது."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். குடும்பத் தலைவர்: மயில்வாகனம். அந்த மாசம் சீனியும் சீமெண்ணெயும் அந்த மயில்வாகனம் பேரில்தான் வந்தது. பக்கத்து வீட்டுப் பிலோமினாக்கா இன்றைக்கு வரைக்கும் என்னை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். நான் ரெண்டு நாள் ரத்தினத்திடம் பேசவில்லை. தாலி கட்டினவன் பேரை மறக்கிறவளிடம் என்ன பேச்சு?

என் மகள் தேன்மொழி திருச்சியில் ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறாள். இப்போது அவளைப் பார்க்கத்தான் போகிறேன். அவள் போன வருஷம் சொன்னாள். "அப்பா, பிள்ளை உண்டான பொம்பளைங்க மூளையைப் படம் எடுத்துப் பார்த்திருக்காங்கப்பா. சில இடத்துல மூளை கொஞ்சம் சுருங்குதாம். பிள்ளை பிறந்து ரெண்டு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்குதாம்." "ஐயோ, அப்ப உங்கம்மா மூளை..." என்றேன். "கெட்டுப் போறது இல்லப்பா. அந்தப் பிள்ளைக்கு ஏத்த மாதிரி ஆகுறதுன்னு சொல்றாங்க" என்றாள்.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். சாவி செய்கிறவனுக்கு இது தெரியாதா? முழுத் தகட்டை வைத்து எந்தப் பூட்டையும் திறக்க முடியாது. அரத்தால் அராவி, இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் எடுக்க வேண்டும். எடை குறையும். குறைந்தால்தான் அது அந்த ஒரு பூட்டுக்குச் சாவி. அவளை உள்ளேயிருந்து யாரோ அராவிக்கொண்டிருந்தார்கள். அதில் என் பேரும் உதிர்ந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு எனக்குச் சொல்ல யார் இருந்தார்கள்?

சரி, அண்ணி போய்விட்டாள் என்றேனா? அதற்கு ரெண்டு நாள் கழித்து, ரத்தினம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். எங்கள் வீடு முன்பக்கம் பட்டறை, நடுவில் குடித்தனம், பின்வாசலைத் திறந்தால் கிணறு. கிணற்றுக்கு இடுப்பளவு சுவர்.

"பின்வாசலுக்கு ஒரு பூட்டு வேணுங்க" என்றாள்.

தம்பி, கல்யாணமாகி ரெண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் பூட்டு. பூவாகக் கேட்டிருக்கிறாள், புடவையாகக் கேட்டிருக்கிறாள். பூட்டு கேட்டதில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, நல்ல மாங்காய்ப் பூட்டு ஒன்று எடுத்துப் போட்டேன். சாவியை அவள் கையிலேயே கொடுத்தேன்.

மறுநாள் காலையில், "இது போதாதுங்க" என்றாள்.

"ஏன், என்ன குறைச்சல்?"

"நான் திறந்துடுறேன்."

"சாவி உங்கிட்ட இருந்தா நீ திறக்கத்தான் செய்வே."

"நான் திறக்க முடியாத பூட்டு வேணும்."

இங்கேதான் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பூட்டுக்காரனைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? சவால்தானே? சாவியைக் கண்ணால் பார்த்தே பூட்டைச் சொல்கிறவள் அவள். என் தொழிலுக்கே பரீட்சை வைக்கிறாள் என்று நினைத்தேன். 'பார்க்கலாமடி' என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

உள்ளே ஏழு லீவர் தகடு வைத்து ஒன்று செய்தேன். சாவியை மேல் பரணில் ஒளித்து வைத்தேன். மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துத் திறந்துவிட்டாள். அடுத்தது மணிப்பூட்டு. சாவியைத் திருப்பினால் கணீர் கணீர் என்று மணி அடிக்கும். அதைத் திறந்ததில் பிள்ளை அலறி எழுந்ததுதான் மிச்சம். மூன்றாவது, ரெண்டு சாவிப் பூட்டு. முதலில் ஒன்றைப் போட்டு இடப்பக்கம் திருப்ப வேண்டும், அப்புறம் கீழே மறைத்திருக்கிற பொத்தானை நகத்தால் தள்ள வேண்டும், பிறகு ரெண்டாவது சாவி. மதுரைக் கோயில் உண்டியலுக்குப் போட வேண்டிய பூட்டு அது. கிணற்றடிக்குப் போட்டேன். அவள் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் தடவிப் பார்த்தாள். திறந்துகொண்டது.

"இதுவும் திறந்துடுச்சுங்க" என்று சொல்லி அழுதாள்.

என் மேல் பரிதாபப்பட்டு அழுகிறாள் என்று நினைத்தேன். புருஷன் தோற்றுப் போய்விட்டானே என்று. "அழாதே, இன்னொண்ணு செய்றேன்" என்று அவளைத் தேற்றினேன். மூன்று வாரமாக வந்த ஆர்டர் எல்லாம் அப்படியே கிடக்கிறது. நான் என் பொண்டாட்டியை ஜெயிக்கப் பூட்டு செய்துகொண்டிருக்கிறேன்.

அதே சமயம் சாப்பாடும் மாறியது. ஒருநாள் குழம்பில் கத்தரிக்காய் முழுசாகக் கிடந்தது. சரி, எண்ணெய்க் கத்தரிக்காய் என்று நினைத்தேன். மறுநாள் உருளைக்கிழங்கு முழுசாக. அதற்கும் மறுநாள் ஒரு முருங்கைக்காய் சட்டியின் ரெண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கிறது, துடுப்புப் போட்ட படகு மாதிரி. "என்னடி இது?" என்றேன். "அரிவாள்மனையைப் பட்டறைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டேங்க. உங்களுக்கு வேணும்னா நறுக்கிக் கொடுங்க" என்றாள். பிள்ளை பெற்ற உடம்பு, குனிந்து உட்கார்ந்து நறுக்கச் சோம்பல் என்று நினைத்தேன். தண்ணீரும் நான்தான் இறைத்துக் கொடுத்தேன். பின்வாசலைத் திறந்து நான் போனால், அவள் பிள்ளையை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு ஓடிவிடுவாள். ஈரக்காற்று ஆகாது என்று நினைத்தேன். நான் என்னென்ன நினைத்தேன் பாருங்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. அவள் தூங்குவதில்லை, மெலிந்துகொண்டே போகிறாள். பிள்ளை தூங்கும்போது அதன் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதற்கும், 'புதுசில் எல்லாரும் இப்படித்தான்' என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை பதினோரு மணி இருக்கும். குளிக்கத் தண்ணீர் இறைக்கலாம் என்று பின்வாசலுக்குப் போனேன். சாவியைக் காணோம்.

"சாவி எங்கேடி?"

"பிலோமினாக்காகிட்ட கொடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"வீட்டுக்குள்ள எங்க வச்சாலும் நான் எடுத்துடுறேன். அதான்."

தம்பி, நான் நாலு பூட்டு மாற்றிப் போட்டேன், நாலு. சாவியை வெளியே கொடுத்து வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் மனசில் ஓடவில்லை. பூட்டுக்காரன் வீட்டுச் சாவி அடுத்த வீட்டில் இருந்தால் எங்கள் தெரு என்ன பேசும்? குடிகாரன் வீட்டிலும் சூதாடி வீட்டிலும்தான் பொண்டாட்டி சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

பிலோமினாக்காவுக்கு அப்போது அஞ்சு பிள்ளைகள். புருஷன் தோல் கம்பெனியில் வேலை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. சாவி இடுப்புச் சேலையில் முடிச்சாகத் தெரிந்தது.

"அக்கா, என் வீட்டுச் சாவியைக் கொடுங்க."

"தர மாட்டேன்."

"என் வீட்டுச் சாவிக்கா."

"உன் வீட்டுச் சாவிதான். உன்னை நம்பி அவ கொடுக்கல, என்னை நம்பிக் கொடுத்திருக்கா. போ, மயில்வாகனம். போய் மணி அடிக்கிற பூட்டு செய்யி."

"அவ என் தொழிலையே கேவலப்படுத்துறாக்கா. எந்தப் பூட்டையும் நம்ப மாட்டேங்குறா. எந்தத் திருடன் கிணத்துவழியா வரப் போறான்?"

அக்கா முறத்தைக் கீழே வைத்தது. அதற்கப்புறம் சத்தத்தைக் குறைத்தது. அது சத்தத்தைக் குறைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"திருடனுக்குப் பயந்து யாருடா பூட்டு கேட்டா? அவ தனக்குப் பயந்து கேட்டா. கிணத்தைப் பார்த்தா, பிள்ளை கையிலேருந்து உள்ளே போற மாதிரி தெரியுதாம். இவ கையே போடுற மாதிரி. அரிவாள்மனையைப் பார்த்தா அதுக்கொரு நினைப்பு. வேண்டாம் வேண்டாம்னு தலையை உதறினாலும் திரும்பத் திரும்ப வருதாம். யார்கிட்டச் சொல்லுவா? உன்கிட்டச் சொன்னா நீ அதுக்கும் ஒரு பூட்டு செய்வே."

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டேன்.

"எனக்கும் வந்துச்சு, மூணாவதுக்கு" என்றது அக்கா. "அம்மிக் குழவியைக் கண்டாலே உடம்பு நடுங்கும். எங்கம்மா ஊர்ல இருந்தேன். குழவியை எடுத்துக் கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்சா எங்கம்மா. ஏன்னு கேக்கவும் இல்ல, எங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியவும் தெரியாது. இவளுக்கு ஒளிச்சு வைக்க யார் இருக்கா? நீதான் இருக்கே. கூட்டிட்டுப் போ, ஒரு லேடி டாக்டர்கிட்ட."

என் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் பன்னிரண்டு எட்டு இருக்கும். அந்தப் பன்னிரண்டு எட்டில் எத்தனையோ நினைத்தேன். என்ன சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று. ரத்தினம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பாயில், ஒரு முழம் தள்ளி. தொடப் பயந்து, விட்டுப் போகவும் பயந்து, நடுவில் அவள் கை மட்டும் பாயில் கிடந்தது. அக்கா சொல்லியிருக்கும் என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். என்ன சொல்லப் போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னது இதுதான்: "அப்ப, பூட்டு நல்ல பூட்டுதானே?"

சத்தியமாக அதுதான் வாயில் வந்தது. என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், ரெண்டு மாசமாகச் சிரிக்காத சிரிப்பு. வாயில் சேலையை வைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க. "நல்ல பூட்டுதாங்க, ரொம்ப நல்ல பூட்டு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குத்தான் அவள் இத்தனை நாளும் காத்திருந்தாள் போலிருக்கிறது. அப்படியே சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிட்டாள்.

லேடி டாக்டரிடம் மறுநாள் போனோம். நான் எல்லாவற்றையும் விவரமாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். "உங்களைக் கேக்கல. வெளியில உக்காருங்க" என்றார். அரை மணி நேரம் வெளியில் உட்கார்ந்து அவருடைய கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மட்டமான தாழ்ப்பாள். பிறகு உள்ளே கூப்பிட்டார்.

"இந்த மாதிரி நினைப்பு நிறையத் தாய்மாருக்கு வருது. வெளியில சொல்றதில்ல, அவ்வளவுதான். இவங்களுக்கு அந்த நினைப்பு பிடிக்கல, பயப்படுறாங்க, கதவைப் பூட்டச் சொல்றாங்க. பிள்ளையைக் காப்பாத்தணும்னு மனசு ராத்திரி பகலாக் காவல் நிக்குது. காவல்காரனுக்குத் தூக்கமே இல்லேன்னா நிழலைப் பார்த்தும் விசில் ஊதுவான். முதல்ல தூங்க வைங்க. மாத்திரை எழுதுறேன், வாராவாரம் கூட்டிட்டு வாங்க. இப்போதைக்கு வீட்டுல தனியா விடாதீங்க."

"பூட்டைக் கழட்டிடலாங்களா, டாக்டரம்மா?"

"இருக்கட்டும். அவங்களா சொல்லட்டும்."

அடுத்த தடவை போகும்போது அவருடைய கதவுக்கு ஒரு நல்ல பூட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தூங்க வைங்க என்று சொல்வது சுலபம். பிள்ளையை யார் பார்ப்பது? காலையில் ரெண்டு மணி நேரம், மத்தியானம் மூன்று மணி நேரம் என் பொறுப்பு. பூட்டு அடுக்குகிற மரப்பெட்டியில் துணியைப் போட்டு, தூசி படாத மூலையில், என் கண்ணுக்கு நேரே படுக்க வைத்தேன். நான் அரத்தை எடுத்துக் கிரீச் கிரீச் என்று அராவினால் தூங்கும். நிறுத்தினால் முழித்து அழும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. ஊரே கோயிலுக்கும் சினிமாவுக்கும் போகிறது, நான் உட்கார்ந்து ஒரு பழைய ஆணியை அராவிக்கொண்டிருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். "ஆர்டர் அதிகமோ?" என்பார்கள். அந்த ஆணி ரெண்டு மாசத்தில் ஊசியாகிவிட்டது. தேன்மொழிக்கு இன்றைக்கும் ரோட்டில் யாராவது இரும்பை அறுத்தால் கொட்டாவி வரும். வேண்டுமானால் திருச்சியில் இறங்கி அவளையே கேளுங்கள்.

சாவி பிலோமினாக்காவிடமே இருந்தது. காலையில் அக்கா வரும், திறக்கும், நான் தண்ணீர் இறைப்பேன், அக்கா பூட்டும், சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு போகும். இப்படி மூன்று மாசம் போனது. ரத்தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். முதலில் உருளைக்கிழங்கு ரெண்டாக வந்தது. அப்புறம் நாலாக. ஒருநாள் பீன்ஸ் பொடிப்பொடியாக நறுக்கிப் பொரியலில் வந்தது. நான் தட்டைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அதற்குமேல் ஒரு சந்தோஷமான பொரியலை நான் சாப்பிட்டதில்லை.

தை மாசம் ஒரு காலை. அக்கா வந்து இடுப்பு முடிச்சை அவிழ்த்தது. ரத்தினம் பிள்ளையோடு முன்வாசலுக்குப் போகவில்லை. "கொடுங்கக்கா, நானே திறக்குறேன்" என்றாள். பிள்ளையை என்னிடம் நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்ப வாங்கித் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். பூட்டைத் திறந்தாள். கிணற்றடிக்குப் போனாள். சுவருக்கு ரெண்டடி தள்ளி நின்றாள். அக்கா அசையவில்லை, நானும் அசையவில்லை. பிள்ளை கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்து இழுத்தது. ரத்தினம் அதன் கையைப் பிடித்து விலக்கி, "ஏய், அழுக்கு" என்றாள். அவ்வளவுதான். உள்ளே வந்தாள். பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். சாவியை அக்காவிடமே திரும்பக் கொடுத்து, "இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுங்கக்கா" என்றாள்.

அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. கிணற்றடிக்கு அவளே போனாள், வந்தாள், துணி துவைத்தாள். ஆனால் சாவியைத் திருப்பி வாங்கவில்லை. வேண்டும்போது சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுப்பாள், அக்கா எறியும், இவள் பிடிப்பாள். அப்படியே பழகிப்போனது. இதோடு ஒட்டிக்கொண்டதுதான் அந்தக் கேள்வியும். எங்கே கிளம்பினாலும், "பூட்டினீங்களா?" நான் அதை என் தொழிலுக்குச் செய்கிற அவமரியாதை என்றே முப்பத்தேழு வருஷம் எடுத்துக்கொண்டேன். இப்போதும் முழுசாக மனசு ஆறவில்லை. நல்ல பூட்டு என்று அவளே சொன்னாளே, அப்புறம் என்ன கேள்வி?

மணப்பாறை வந்துவிட்டது. முறுக்கு வாங்குகிறீர்களா? வேண்டாமா? எங்கே எழுந்திருக்கிறீர்கள்? ஓ, போன் பேசவா? பேசுங்கள். இறங்கி நின்று பேசுங்கள், உள்ளே இரைச்சல். பஸ் பத்து நிமிஷம் நிற்கும். உங்கள் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், சாதத்தையும்.

பேசிவிட்டீர்களா? நாளைக்கே நத்தத்துக்குப் போகிறீர்களா? உங்கள் இஷ்டம், நான் ஒன்றும் சொல்லவில்லை. வாழைப்பழம் மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதிலைக் கவனித்தீர்களா? 'பூட்டினேன்' என்று நான் சொல்லவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவளைக் கொண்டுவருகிறோம். எங்கள் வீட்டு முன்வாசல் விரியத் திறந்து கிடக்கிறது. என் பூட்டு நாதாங்கியில் தொங்குகிறது, சாவி அதிலேயே இருக்கிறது. வாசலில் நாற்காலி போட்டுப் பிலோமினாக்கா உட்கார்ந்திருக்கிறது. எண்பதை நெருங்குகிற உடம்பு. "பூட்டாமப் போயிட்டே, மயில்வாகனம்" என்றது. "காலையிலேருந்து நான்தான் காவல்." அப்புறம் வண்டிக்குள் பார்த்தது, எழுந்து நாற்காலியை ஓரமாக எடுத்துப் போட்டு வழிவிட்டது.

கிணற்றை மூடிக் கான்கிரீட் போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பின்வாசலில் அந்த ரெண்டு சாவிப் பூட்டு இருக்கிறது. சாவிகள் ரெண்டும் பிலோமினாக்கா வீட்டில், காலண்டர் மாட்டுகிற ஆணியில் தொங்குகின்றன.